தனிக் கிண்ணத்துச் சீயக்காய்

ஒரு வீட்டில் சீயக்காய் இடித்தால் அக்கம்பக்கத்து வீடுகள் நாலும் சேர்ந்து தும்மும். தென்காசியிலும் அப்படித்தான். உரல் சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து திட்டுவார்கள். ஆனால் வீரபாகு பிள்ளை வீட்டில் பேராச்சி உலக்கையைத் தூக்கினால் யாரும் திட்டியதில்லை. தும்மிக்கொண்டே கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

பேராச்சி கடையத்துப் பெண். பதினெட்டு வயதில் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் வீரபாகு கோயில் கட்டளை நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சாது. வீட்டை ஆண்டது மாமியார் இராமலட்சுமியம்மாள். அந்த அம்மாள் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்றை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குழம்பில் உப்பு கூடியிருக்கும், கோலத்தில் புள்ளி குறைந்திருக்கும், நடந்தால் தரை அதிரும். மருமகள் எதைத் தொட்டாலும் அதில் ஒரு சொட்டை கண்டுபிடிக்கப் பிறந்தவள் போலத்தான் நடந்துகொண்டாள்.

சீயக்காயில் மட்டும் அவளால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. மலையிலிருந்து இறங்குகிற காயைச் சந்தையில் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துத்தான் பேராச்சி வாங்குவாள். விதை உள்ளே கிலுகிலுக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் வெயில். செம்பருத்தி இலைக்கும் எலுமிச்சைத் தோலுக்கும் நிழல். வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டுவாள், சிவக்க விடமாட்டாள். வாசத்துக்குக் கொஞ்சம் பூலாங்கிழங்கு. இடித்ததைப் பழைய வேட்டித்துணியில் இரண்டு முறை சலிப்பாள். துணியில் நிற்கிற கப்பியை மற்ற வீடுகளில் பாத்திரம் தேய்க்க எடுத்துவிடுவார்கள். பேராச்சி அதைத் திரும்ப உரலில் போட்டு இடிப்பாள். தேய்க்கிற அன்றைக்கு வடிகஞ்சியில் குழைத்தால் பொடி வெண்ணெயாக நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஈரத்தலையைக் கோதிக்கொண்டே மாமியார் சொன்னாள், "ஒனக்கு இது ஒண்ணாவது வருதே." பேராச்சிக்கு அது பட்டுச்சேலை எடுத்துக்கொடுத்த மாதிரி இருந்தது.

வீட்டில் இன்னொருத்தி உண்டு. வீரபாகுவின் தங்கை உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவார்கள். பேராச்சி வந்தபோது பதினொரு வயது. மதினி, மதினி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள். மாமியார் ஏசிவிட்டுப் போன பிறகு பேராச்சி அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால், பல்லாங்குழிப் பலகையை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவாள். காய்கள் அவளுடைய சொந்தச் சேகரிப்பு, குற்றாலத்தில் தின்ற சீத்தாப்பழத்தின் கொட்டைகள். கறுப்பாக, எண்ணெய் தடவினாற்போலப் பளபளக்கும். ஒரு சிரட்டை நிறைய வைத்திருந்தாள். ஒன்று குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

உலகுவுக்குப் பதினைந்து நடந்தபோது கீழப்பாவூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிச்சுமணி, நல்ல நிலபுலன், ஒரே பையன். ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உலகுவின் முடி இடுப்புக்குக் கீழே விழும். கீழப்பாவூர்க்காரர்கள் அந்த முடியைக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள் என்று தெருவில் பேச்சு.

ஆடி மாதம் நடுவில் ஒரு நாள் அந்த முடியைப் பின்னிக்கொண்டிருந்த பேராச்சியின் கை நின்றது. காதுக்குப் பின்னால் பேன். ஒன்று இரண்டு அல்ல, ஈரும் பேனுமாகக் குடியிருந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். பேராச்சியால் முடியாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவள் தலையிலிருந்து மாமியார் ஒரு பேனை எடுத்தாள். அதை நகத்தில் வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்குக் காட்டி, "கடையத்துச் சீர்வரிசையில இதுவும் உண்டு போல" என்று சொல்லிக் குத்தினாள். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு பேராச்சிக்கு இன்னும் காதில் இருந்தது. இப்போது உலகு தலையில் பேன் என்றால் அது யார் கொண்டுவந்த பேன் என்று மாமியார் யோசிக்கக்கூட மாட்டாள். கீழப்பாவூர்க்காரர்கள் கண்ணில் பட்டுச் சம்பந்தம் கலைந்தால் அந்தப் பழியும் கடையத்துக்காரி தலையில்தான் விழும். ஆறு மாதக் கைக்குழந்தை சண்பகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான்.

பேனுக்கு மருந்து அவளுக்குத் தெரியும். கடையத்தில் அவள் அம்மா சீத்தாப்பழக் கொட்டையை இடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவாள். ஒரே தடவையில் பேன் செத்து உதிரும். தடவுமுன் நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கிக் கட்டுவாள். கண்ணில் பட்டால் போச்சு என்று சொல்லிக்கொண்டேதான் கட்டுவாள். அலசும்போதும் குனிய வைத்து, தண்ணீர் முன்பக்கமாக வடியாதபடி பின்னந்தலையிலிருந்து ஊற்றுவாள். இதெல்லாம் பேராச்சிக்கு மறந்துபோகவில்லை. மறந்திருந்தால் அவளுக்குப் பின்னால் ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போவது அந்த வீட்டு வழக்கம். பெண் பார்க்க வருகிற வருஷத்தில் பெண் தலையில் அருவித் தண்ணீர் விழ வேண்டும் என்று மாமியார் வேண்டுதலும் வைத்திருந்தாள். எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, அருவியில் முழுக்கு. அதுதான் சமயம் என்று பேராச்சி நினைத்தாள். முந்தின நாள் மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, உலகுவின் சிரட்டையிலிருந்த கொட்டையெல்லாம் எடுத்து இடித்து நைசாகச் சலித்தாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய தூக்குச்சட்டியில் சீயக்காய். உலகுவுக்கு மட்டும் அந்தக் கொட்டைப்பொடியைக் கலந்து தனியாக ஒரு பித்தளைக் கிண்ணம். கல்யாணப் பெண்ணுக்குக் கஸ்தூரிமஞ்சள் சேர்த்திருக்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் வில்வண்டியில் போய் இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குள் கிண்ணத்தோடு நிற்க முடியாது, தண்ணீர் அடித்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் கல்மண்டபத்திலேயே எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக்கொண்டு, அப்படியே நடந்துபோய் அருவியில் நிற்பதுதான் எல்லோரும் செய்வது. பேராச்சி ஈரத்துணியைக் கையில் எடுத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு எதற்குத் துணி என்று கேட்டால் என்ன சொல்வது? கண் மூடித் திறக்கிற நேரத்தில் அருவிக்குள் போய்விடுவாள், அத்தனை தண்ணீருக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

தேய்த்து முடித்துப் படியிறங்குகிற நேரம் போலீஸ்காரர் விசில் ஊதினார். மலைமேல் பெருமழை. அருவி செம்மண் நிறத்தில் கூடிக்கொண்டு வந்தது. உள்ளே நின்றவர்களையெல்லாம் அடித்து விரட்டாத குறையாக வெளியேற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும், நில்லுங்கள் என்றார்கள். நின்றார்கள். சாரல் உலகுவின் தலையில் விழுந்து சீயக்காயைக் கரைத்து நெற்றி வழியாக இறக்கியது.

"எரியிது மதினி" என்றாள் உலகு.

"சீயக்காய்னா எரியத்தான் செய்யும். கண்ண மூடிக்கோ" என்றாள் பேராச்சி.

எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுகிற வார்த்தைதான். உலகு மூடிக்கொண்டாள். பிறகு தாங்காமல் கையால் தேய்த்தாள். கையிலும் அதே சீயக்காய். பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கூட்டிப்போய் அலசிவிடலாமா அத்தை என்று பேராச்சி கேட்டாள். அருவித் தண்ணீருக்கு முன்னால் வேறு தண்ணீர் தலையில் படக் கூடாது, வேண்டுதல் இருக்கிறது, சீயக்காய் எரிச்சலில் யாரும் செத்ததில்லை என்றாள் மாமியார். அந்த இடத்தில் பேராச்சி ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயைத் திறக்கத்தான் செய்தாள். நகத்தில் பேனை வைத்துக் குத்திய மாமியாரின் முகம் எதிரே இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் நின்றார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் உலகுவின் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. விளக்கைக் கண்டால் கத்தினாள். தாணுமாலய வைத்தியர் வந்து பார்த்து, மலைவெள்ளத்துக் காற்று தாக்கியிருக்கிறது என்றார். நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் விடச் சொன்னார். வீட்டில் கைக்குழந்தைக்காரி பேராச்சி ஒருத்திதான். தன் பாலைச் சங்கில் பீய்ச்சி அந்தக் கண்களில் அவளே விட்டாள். ஒரு வாரம் விட்டாள். எட்டாம் நாள் இமையைப் பிரித்துப் பார்த்தபோது கருவிழி இரண்டிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ரயிலேறிப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். அங்கே ஒரு கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அவர் சொன்னதை ஜெபமலர் என்கிற நர்ஸ் இவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். சீயக்காய் இப்படிச் செய்யாது, வேறு ஏதாவது பட்டதா, இலைச்சாறு, விதை, சுண்ணாம்பு ஏதாவது என்று கேட்டாள். விதை என்ற வார்த்தை பேராச்சியின் காதில் விழுந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அவள் நிமிர்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"சீயக்காயக் குத்தம் சொல்லாதீங்கம்மா. எம் மருமவ இடிச்சது. நாங்க எல்லாரும் அன்னைக்கு அதத்தான் தேச்சோம். அவ கை பட்டதுல ஒரு கொறையும் இருக்காது, நான் சத்தியம் பண்ணுதேன்."

நாலு வருஷமாக ஒரு நல்ல சொல்லுக்கு ஏங்கியவளுக்கு அது அன்றைக்குத்தான் கிடைக்க வேண்டுமா? பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். முன்னமே சொல்லியிருந்தால் கண் தப்பியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. பேராச்சி மட்டும் தப்பியிருக்கும் என்றே கடைசிவரை நம்பினாள்.

கீழப்பாவூர்க்காரர்கள் வரவில்லை. தை மாதம் அந்தப் பிச்சுமணிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டார்கள். மாமியார் உலகம்மன் சந்நிதியில் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினாள். எந்தத் தெய்வக்குற்றமோ என்று அவள் அழுதபோது பேராச்சி பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றாள்.

இதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள்தான் பேராச்சிக்குப் பெரும்பாடு. உலகுவுக்குத் தலை தேய்த்துவிட அவளைத் தவிர யாரும் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை கிணற்றடியில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, சீயக்காயை எடுத்தபோது உலகு மெல்லிய குரலில் கேட்டாள். "கண்ண மூடிக்கிடட்டுமா, மதினி?"

அவள் குத்திக் கேட்டாளா, பழக்கத்தில் கேட்டாளா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மூடிக்கோ என்று சொல்ல நாக்கு எழவில்லை. பேராச்சி இடது உள்ளங்கையை அவள் புருவத்துக்கு மேலே அணைபோல வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் தேய்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி, அதே உள்ளங்கை. வேறு பேச்சு இல்லை. மற்ற நாளெல்லாம் உலகு சாதாரணமாகப் பேசுவாள், சண்பகத்துக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுப்பாள், குழியைத் தடவியே ஜெயிப்பாள். காய்களுக்குப் புளியங்கொட்டை. சீத்தாப்பழக் கொட்டையை அவள் கேட்கவே இல்லை. அது ஏன் என்று பேராச்சி நினைத்துப் பார்க்கப் பயந்தாள்.

நாலாம் வருஷம் மாமியார் போனாள். குளிப்பாட்டுவதற்கு முன் உறவுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எண்ணெயும் சீயக்காயும் தொட்டுப் பிணத்தின் தலையில் வைத்தார்கள். அதை உள்ளங்கையால் வைக்கக் கூடாது. செத்தவர்களுக்குப் புறங்கையால்தான். உலகுவின் கையைப் பிடித்துப் புறங்கையைத் தொட்டு வைக்கச் செய்தவள் பேராச்சி. வைத்துவிட்டு உலகு, "இது நம்ம பொடிதான, மதினி?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மாமியார் போன பிறகு பேராச்சி பயப்பட வீட்டில் ஆள் இல்லை. வீரபாகுவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வருஷம் ஏற ஏற, சொல்லாமல் இருந்ததும் ஒரு குற்றமாக வளர்ந்து முதல் குற்றத்தை விடப் பெரிதாகிவிட்டது. அவளுக்கு இப்போது வேண்டியிருந்தது வேறு. உலகு ஒரு தடவை, கோபமாகவோ அழுதோ, நீங்கள் செய்ததுதானே மதினி என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் காலில் விழலாம். போகட்டும் என்று அவள் வாயால் சொன்னால் அதோடு செத்துப்போகக்கூடத் தயார்.

சண்பகத்துக்கு எட்டு வயது நடந்தபோது அது வந்தது. சீத்தாப்பழத்தைப் பேராச்சி வீட்டுக்குள் விட்டதே இல்லை. பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லித் தடுத்துவைத்திருந்தாள். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் கொடுத்த பழம் இரண்டைச் சண்பகம் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். புறவாசலில் உட்கார்ந்து அத்தையும் மருமகளுமாகத் தின்றார்கள். பேராச்சி பார்த்தபோது பழம் முடிந்திருந்தது. உலகு கொட்டைகளை மடியில் துடைத்துத் துடைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். சண்பகத்தைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, கொட்டைகளைப் பேராச்சி நின்ற பக்கமாக நீட்டினாள்.

"முப்பத்தி ரெண்டு இருக்கு, மதினி. நான் வச்சிருந்ததுக்கு இன்னும் நெறைய வேணும்."

பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "எப்பருந்துட்டி தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். கண்ணுல கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்ப பொழுது போவலன்னு சிரட்டையத் தேடித் தடவுனேன். ஒண்ணுகூட இல்ல. பேனுக்கு அதத்தான் போடுவாங்கன்னு நீங்கதான ஒருக்கா சொன்னிய."

"ஒங்கம்மாட்ட ஏன் சொல்லல?"

உலகு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரலால் உருட்டினாள். "சொன்னா ஒங்கள கடையத்துக்கு அனுப்பிருவாங்க. பொறவு எனக்கு யாரு தலை தேச்சு விடுவா?"

பேராச்சி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுட்டி என்று கெஞ்சினாள். உலகு காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அந்த வார்த்தையைச் சொல்லவும் இல்லை. சண்பகம் செம்போடு வருகிற சத்தம் கேட்டதும், "கையக் கழுவணும், தண்ணிய ஊத்துங்க" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கிணற்றடியில் உட்கார்ந்து எப்போதும்போலக் கேட்டாள். "கண்ண மூடிக்கிடட்டுமா, மதினி?"

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். உலகு ஒன்பது நாள் கிடந்தாள். பேராச்சி பாய்க்குப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. காய்ச்சலில் அவள் பிதற்றியதையெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டாள். உலகு அம்மாவைக் கூப்பிட்டாள், அண்ணனைக் கூப்பிட்டாள், வண்டி பூட்டியாச்சா என்று கேட்டாள். பேராச்சி எதிர்பார்த்த வார்த்தை மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள் விடியும்போது தண்ணீர் கேட்டாள். இரண்டு வாய் குடித்தாள். அதோடு சரி. வயது இருபத்தாறு.

குளிப்பாட்டச் சீயக்காய் வேண்டும் என்றார்கள். டப்பாவில் பொடி இருந்தது, போன வாரம் இடித்தது. பேராச்சி அதைப் பொதுத் தூக்குச்சட்டியில் குழைக்கவில்லை. பரணிலிருந்து அந்தப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வடிகஞ்சி விட்டுக் குழைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியை வாங்கிவந்து கொடுத்தவள் சண்பகம்.

உறவுப் பெண்கள் வரிசையாக வந்து புறங்கையால் தொட்டு வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். கடைசியில் பேராச்சி வந்தாள். பிணத்தின் தலைமாட்டில் குந்தினாள். இடது கை தானாகப் போய் அந்தப் புருவத்துக்கு மேலே அணைகட்டி நின்றது. வலது உள்ளங்கை நிறையச் சீயக்காயை அள்ளி, வேரிலிருந்து நுனிவரை, அவசரமில்லாமல் தேய்க்க ஆரம்பித்தாள். கூட்டத்தில் நின்ற ஒரு கிழவி, புறங்கையால வைக்கணும் பேராச்சி, இனிமே அவ கண்ணுக்கு என்ன வரப்போவுது என்றாள். பேராச்சி கையை எடுக்கவில்லை. பதினொரு வருஷமாக இந்த நேரத்தில் காதில் விழுந்த கேள்விக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ண மூடிக்கோட்டி" என்று பேராச்சியே சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். அவள் அம்மா கடையத்தில் செய்தது போல, முன்பக்கம் ஒரு சொட்டு வடியாதபடி, பின்னந்தலையிலிருந்து ஊற்றினாள்.